பாப் நட்சத்திரங்களுக்கு இசை நாடகத்தின் முதன்மை வேடத்தைக் கொடுப்பது சரிதானா?

திரைவிலகல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நெடுநாளாக மனத்தில் கிடக்கும் கேள்வி இது. நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயிலும் லண்டனில் அதற்கு இணையான வெஸ்ட் எண்டிலும் ஓடும் இசை நாடகங்களில், புகழ்பெற்ற பாப் பாடகர் ஒருவரை அழைத்துவந்து சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ முதன்மை வேடத்தில் நிறுத்துவது இன்று சாதாரணமாகிவிட்டது. 1996 இல் மறுபடியும் மேடையேறிய 'சிகாகோ' இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு இந்த உத்தியும் ஒரு காரணம் என்பதை மறுப்பவர் இருக்க மாட்டார்கள். அஷர் 2006 இல் அதில் வழக்கறிஞர் பில்லி ஃபிளின்னாக வந்தார். பிராண்டி 2015 இல் நாயகி ராக்ஸியாக வந்தார். இன்னும் பலர் வந்து போனார்கள்.

நடிப்பு, பாட்டு, நடனம் மூன்றையும் சிறு வயதிலிருந்து பயின்று, குழு நடனத்தின் பின்வரிசையில் பல ஆண்டுகள் நின்று முன்னேறியவர்களைத் தாண்டி, பெயருக்காக ஒருவரை மேலே ஏற்றுவது முறையா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. இதைக் கேட்கத் தூண்டியது ஒரு சொந்த அனுபவம். நாடகத்தின் பெயரும் பாடகியின் பெயரும் இங்கே வேண்டாம். அவருக்காகவே நுழைவுச்சீட்டு வாங்கிப் போனேன். நிகழ்ச்சிக் கையேட்டுக்குள் ஒரு துண்டுத்தாள் செருகியிருந்தது: இன்று அவர் நடிக்கவில்லை, மாற்று நடிகை நடிக்கிறார். முதல் கால் மணி நேரம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இடைவேளைக்குள் அந்தப் பாடகியின் நினைவே எனக்கு இல்லாமல் போயிற்று. அப்படியானால் நான் எதற்குப் பணம் கொடுத்தேன், தயாரிப்பாளர் எதை விற்றார்? துறையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

குழிவயலின் எழுதியது:

மேடைக்கு முன்னால் இருக்கும் இசைக்குழுப் பள்ளத்தில் அமர்ந்து பல ஆண்டுகள் வாசித்தவன் என்ற முறையில், குரலைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தில் எல்லோரும் புகழைப் பற்றியே பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பாப் பாடகருக்குப் பாடத் தெரியாது என்பதல்ல சிக்கல். அவர் பாடிப் பழகிய சூழல் வேறு, இது வேறு. கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் இரண்டு நாள் பாடினால் ஒரு நாள் ஓய்வு கிடைக்கலாம், குரல் கரகரத்தால் சில வரிகளைக் கூட்டத்தைப் பாடவைத்துச் சமாளிக்கலாம், சுருதியை இறக்கிக்கொள்ளலாம், பாடல் வரிசையையே மாற்றலாம். இசை நாடகத்தில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள், அவற்றில் இரண்டு நாள்களில் பகலிலும் இரவிலும் காட்சி, எல்லாவற்றிலும் அதே பாட்டு, அதே உச்ச ஸ்வரம், அதே இடத்தில் அதே அழுகை. பாடகி ஃபேன்டேசியா 2007 இல் 'தி கலர் பர்ப்பிள்' நாடகத்தில் நாயகி சீலியாக நடித்தபோது, அந்த வேடத்தை அவர் உயிரோடு கொண்டுவந்தார் என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அவரே குரல்வளைக் கோளாற்றால் ஏராளமான காட்சிகளைத் தவறவிட்டார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். திறமை இல்லாததால் அவர் விடுப்பு எடுக்கவில்லை. ஒவ்வொரு இரவும் தொண்டையைக் கிழித்துக்கொண்டு அழுது பாட வேண்டிய வேடம் அது, அதற்கான சிக்கனத்தைக் குரல் கற்றுக்கொள்ள ஆண்டுகள் பிடிக்கும்.

இன்னொன்று, சொல் தெளிவு. பாப் பாடலைக் கேட்க வருபவர் ஏற்கெனவே நூறு முறை கேட்டு வரிகளை மனப்பாடம் செய்திருப்பார், ஆகவே பாடகர் மென்று விழுங்கினாலும் குறையில்லை. நாடகத்தில் பாட்டுத்தான் கதையை நகர்த்துகிறது; அரங்கில் பாதிப் பேர் அந்த வரியை வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கேட்கிறார்கள். பாடகர் தம் வழக்கப்படி ஒரு சொல்லை எடுத்து ஏழெட்டு ஸ்வரங்களில் சுழற்றி அலங்கரித்தால் கைதட்டல் கிடைக்கும், கதை அந்த இடத்தில் நின்றுவிடும். கீழே வாசித்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு அவர் எப்போது அடுத்த அடிக்கு இறங்குவார் என்றும் தெரியாது, இசைக்குழுவை வழிநடத்துபவரின் கையைப் பார்த்துக்கொண்டே இருப்போம்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' நாடகத்தில் 1998 இல் பாடகி டோனி பிராக்ஸ்டன் நாயகி பெல்லாக நடிக்க வந்தபோது, இசையமைத்த ஆலன் மெங்கனும் பாடலாசிரியர் டிம் ரைஸும் இரண்டாம் பாதியில் அவருக்கென ஒரு புதிய பாடலையே எழுதிச் சேர்த்தார்கள். அவர் போன பிறகும் அந்தப் பாடல் நாடகத்தில் தங்கிவிட்டது. ஒரு நட்சத்திரம் வந்ததால் படைப்புக்கே ஏதோ கூடியது என்று சொல்ல எனக்குத் தெரிந்த மிகச் சில நிகழ்வுகளில் இது ஒன்று.

கணக்குப்புத்தகம் எழுதியது:

திரைவிலகல் அவர்களே, தயாரிப்பாளர் எதை விற்றார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் விற்றது முன்பதிவை. பிராட்வே நாடகம் அரசு மானியத்தில் நடப்பதன்று. முதலீட்டாளர்களின் பணத்தில் நடப்பது. அரங்க வாடகை, இசைக்குழு, மேடைப் பணியாளர்கள், விளம்பரம் என்று வாராவாரம் ஒரு பெருந்தொகை வெளியே போய்க்கொண்டிருக்கும், வசூல் அதற்குக் கீழே இறங்கினால் அடுத்த மாதம் நாடகம் இருக்காது. அறியாத கதைக்கு அறிந்த முகம் ஒன்று தேவைப்படுவது இதனால்தான்.

ஆனால் அந்த முகம் எப்போதும் காப்பாற்றுவதில்லை. பாடகர் ஸ்டிங் தாமே இசையமைத்த 'தி லாஸ்ட் ஷிப்' 2014 அக்டோபரில் பிராட்வேயில் தொடங்கியது. வசூல் தளர்ந்ததும் டிசம்பரில் அவரே ஒரு வேடத்தை ஏற்று மேடைக்கு வந்தார். வசூல் ஏறியது. அவர் இருக்கும்வரைதான் ஏறும் என்பதும் உடனே தெரிந்துவிட்டது, 2015 ஜனவரி 24 அன்று நாடகத்தை மூடிவிட்டார்கள். அதற்கு முன், 1998 இல், பாடகர் பால் சைமன் இசையமைத்து, பாடகர்கள் மார்க் ஆன்டனியும் ரூபன் பிளேட்ஸும் நடித்த 'தி கேப்மேன்' 68 காட்சிகளோடு முடிந்தது. பாடல்களைக் குறைசொன்னவர்கள் குறைவு. நாடகமாக அது நிற்கவில்லை.

எனக்கு மிகவும் வலித்தது 'நடாஷா, பியேர் அண்ட் தி கிரேட் காமெட் ஆஃப் 1812'. டால்ஸ்டாயின் நாவலில் ஒரு பகுதியை எடுத்து, அரங்கின் இருக்கைகளுக்கு நடுவிலேயே நடிகர்கள் ஓடியாடும்படி அமைத்த விசித்திரமான படைப்பு அது. 2016 நவம்பரில் பாடகர் ஜோஷ் குரோபன் பியேராக நடிக்க, இம்பீரியல் அரங்கில் தொடங்கியது. அந்த வேடத்துக்காக அவர் அக்கார்டியன் வாசிக்கக் கற்றுக்கொண்டார், பிராட்வேயின் உயரிய விருதான டோனி விருதுக்கும் முன்மொழியப்பட்டார். ஒப்புக்கு வந்து நின்றவர் அல்லர். 2017 ஜூலைத் தொடக்கத்தில் அவர் விலகியதும் வசூல் சரியத் தொடங்கியது. அவர் இடத்துக்கு வந்த கறுப்பின நடிகர் ஒக்கீரியெட்டே ஒனாடோவனின் காலத்தைச் சுருக்கி, மூத்த நடிகர் மேண்டி பட்டின்கினை மூன்று வாரங்களுக்குக் கொண்டுவரத் தயாரிப்பாளர்கள் முயன்றார்கள். கறுப்பின நடிகரை ஓரங்கட்டுகிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது, பட்டின்கின் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார், செப்டம்பர் 3 அன்று நாடகமே முடிந்தது. குரோபன் இல்லாவிட்டால் அது பிராட்வேக்கு வந்திருக்குமா என்பது ஐயமே. அவர் தோளிலேயே முழுப் பாரத்தையும் ஏற்றியதால்தான் அவர் இறங்கியதும் அது விழுந்தது. நட்சத்திரத்தை அழைக்கும்போதே அவர் போன மறுவாரத்தைப் பற்றித் திட்டமிட்டிருக்க வேண்டும்.

உங்கள் நுழைவுச்சீட்டைப் பொறுத்தவரை ஒரு நடைமுறைச் செய்தி: நாடகத் தலைப்புக்கு மேலே பெயர் அச்சிடப்பட்ட நடிகர் வராத நாளில், காட்சி தொடங்கும் முன் கேட்டால், பணத்தைத் திருப்பித் தருவதோ வேறு நாளுக்கு மாற்றித் தருவதோ பிராட்வேயில் பொதுவான வழக்கம். தலைப்புக்குக் கீழே பெயர் இருந்தால் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. அச்சு எங்கே இருக்கிறது என்பதற்கு அவ்வளவு மதிப்பு.

பின்வரிசை எழுதியது:

நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். "பயின்றவர்", "பாப் பாடகர்" என்று இரண்டு சாதியாகப் பிரிப்பதே பிழை என்பது என் கருத்து. நிக்கோல் ஷெர்ஸிங்கர் பெண்கள் பாப் குழுவில் புகழ்பெறும் முன்பே பல்கலைக்கழகத்தில் நாடகமும் நடனமும் படித்தவர். குரோபன் இசை நாடகம் படிக்கச் சேர்ந்து, ஒலிப்பதிவு ஒப்பந்தம் வந்ததால் பாதியில் விட்டவர். நிக் ஜோனஸ் சிறுவனாக பிராட்வேயில் 'லே மிசராப்' நாடகத்தில் நடித்தவர். ரிக்கி மார்ட்டின் 1996 இல் அதே நாடகத்தில் மேரியஸாக நடித்தபோது ஆங்கில உலகம் அவரை அவ்வளவாக அறிந்திருக்கவில்லை. டேவிட் எஸெக்ஸ் 1971 இல் லண்டனில் 'காட்ஸ்பெல்' நாடகத்தின் நாயகனாகி, பிறகு பாப் நட்சத்திரமாகி, 1978 இல் 'எவிட்டா' லண்டனில் மேடையேறியபோது சே என்ற பாத்திரத்தை முதலில் ஏற்றார். இவர்களில் யார் உள்ளூர், யார் வெளியூர்?

பழக்கம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். அதே நிக் ஜோனஸ் 2010 இல் லண்டனில் நடந்த 'லே மிசராப்' 25 ஆம் ஆண்டு விழாக் கச்சேரியில் மேரியஸாகப் பாடியபோது, சுற்றிலும் பெருங்குரல்கள் நிற்க, அவருடைய மெல்லிய குரல் கடுமையான விமர்சனத்துக்கு ஆளானது.

வேடம் பொருந்துகிறதா என்பதே கேள்வி. ரீபா மெக்கென்டையர் 2001 இல் 'ஆனி கெட் யுவர் கன்' நாடகத்தில் துப்பாக்கி வீராங்கனை ஆனி ஓக்லியாக வந்தார். (அவர் கன்ட்ரி பாடகி, பாப் அல்ல என்று யாரும் திருத்த வேண்டாம், தெரிந்தே சொல்கிறேன்.) ரோடியோ எனும் குதிரை, மாடு அடக்கும் போட்டிகளில் ஈடுபட்ட குடும்பத்தில் பிறந்து, தாமும் அதில் குதிரையேறிப் போட்டியிட்ட பெண்ணுக்கு அந்தப் பேச்சும் நடையும் யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அதைப்போலவே ஷெர்ஸிங்கர் 2023 இல் லண்டன் சவாய் அரங்கில், ஜேமி லாய்ட் இயக்கிய 'சன்செட் பூலவார்ட்' நாடகத்தில் நார்மா டெஸ்மண்டாக நடித்தார். உலகம் மறந்துவிட்ட பழைய நடிகையின் வேடம் அது. கேமரா அவர் முகத்தைப் பிடித்துப் பெருந்திரையில் காட்டும்போது, பார்ப்பவர் மனத்தில் அந்தப் பாத்திரத்தின் கடந்தகாலப் புகழும் அவருடைய சொந்தப் புகழும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. அறியாத முகம் ஒன்றால் அந்த விளைவைத் தந்திருக்க முடியாது. 2024 இல் லண்டன் மேடைக்கான ஒலிவியர் விருதும் 2025 இல் டோனி விருதும் அவருக்கே கிடைத்தன. 2016 இல் பிராட்வே 'கேட்ஸ்' வாய்ப்பை அவர் கடைசி நேரத்தில் விட்டுவிட்டுத் தொலைக்காட்சிப் போட்டிக்குப் போனபோது வெளிப்படையாகக் கோபித்துக்கொண்ட இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாய்ட் வெப்பரின் நாடகம்தான் 'சன்செட் பூலவார்ட்'டும்.

திரைவிலகல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பின்வரிசை அவர்கள் சொன்ன பிறகு என் முதல் கேள்வியைத் திருத்திக்கொள்கிறேன்: பாப் பாடகரை எடுப்பது சரியா என்பதைவிட, அவர் வராத நாளுக்கு என்ன ஏற்பாடு என்பதே எனக்கு உறுத்தலாக இருந்திருக்கிறது. அன்று என்னைக் கவர்ந்த நடிகையின் பெயரை அந்தத் துண்டுத்தாளைத் தவிர வேறெங்கும் நான் பார்க்கவில்லை. எட்டுக் காட்சிகளை ஒருவர் தாங்க முடியாது என்று எல்லோருக்கும் முன்பே தெரியும் என்றால், அதை ஏன் முன்பே சொல்லி விற்பதில்லை?

இரட்டைவேடம் எழுதியது:

சொல்லி விற்கும் இடங்கள் இருக்கின்றன. தென் கொரியாவில் பெரிய இசை நாடகங்களின் முதன்மை வேடத்துக்கு இரண்டு, மூன்று, சில நேரங்களில் நான்கு பேரைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்து, எந்த நாளில் யார் என்ற அட்டவணையை வெளியிட்டுவிடுவார்கள். பாப் குழுவிலிருந்து வந்த கிம் ஜுன்சு 2010 இல் 'மொசார்ட்!' நாடகத்திலும் பின்னர் 'எலிசபெத்' நாடகத்திலும் நடித்தது இந்த முறையில்தான். அவருடைய ரசிகர்கள் அவர் நாளுக்கு வருவார்கள், நாடக ரசிகர்களில் பலர் ஒரே நாடகத்தை வெவ்வேறு நடிகர்களோடு மறுபடியும் மறுபடியும் பார்த்து ஒப்பிடுவார்கள். தொண்டைக்கும் ஓய்வு, மற்ற நடிகருக்கும் பெயர். ஆரம்பத்தில் அங்கும் பாப் குழுவினர் வேடத்தைப் பறிக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு இருந்தது, ஃபின்.கே.எல். குழுவிலிருந்து 2005 இல் 'ஐடா'வுக்கு வந்த ஓக் ஜூ-ஹியுனை இன்று முன்னாள் பாப் பாடகி என்று யாரும் முதலில் அறிமுகப்படுத்துவதில்லை, முன்னணி இசை நாடக நடிகை என்றே சொல்கிறார்கள்.

குறை ஒன்று உண்டு: எதிரே யார் நிற்பார் என்பது நாளுக்கு நாள் மாறுவதால், ஒத்திகை நேரம் பலருக்கும் பங்கிடப்பட்டு, நடிகர்களுக்குள் அந்தப் பிடிப்பு ஏற்பட நாளாகும்.

பிராட்வேயிலும் இது சிறிது சிறிதாக வருகிறது. பின்வரிசை சொன்ன 'சன்செட் பூலவார்ட்' நியூயார்க்கில் நடந்தபோது, வாரத்தின் குறிப்பிட்ட காட்சிகளில் நார்மாவாக மேண்டி கொன்சாலஸ் நடிப்பார் என்று முன்பே அறிவித்து, அவர் பெயரையும் சேர்த்தே விளம்பரம் செய்தார்கள். ஆகவே அடுத்த முறை நுழைவுச்சீட்டு வாங்கும் முன், அந்த நாடகத்துக்கு இப்படி அறிவிக்கப்பட்ட மாற்று நாள்கள் இருக்கின்றனவா என்று அரங்கின் இணையதளத்தில் பாருங்கள். அன்று உங்களைக் கவர்ந்த நடிகையின் பெயரையும் தேடிப் பாருங்கள், இப்போது வேறெங்காவது முதன்மை வேடத்தில் இருக்கக்கூடும்.

திரைவிலகல் எழுதியது:

துண்டுத்தாளை எடுத்து வைத்திருக்கிறேன். இன்றிரவே தேடுகிறேன்.