பினாங்கில் எங்கள் வீட்டில் தங்கிய வெளிநாட்டுக் குழுவினர்

கிள்ளான் துறைமுகத்துக்கு நிப்பொன் மாரு கப்பலில் வந்த இளைஞர்களை வீட்டில் தங்க வைத்ததைப் பற்றி ஓர் அக்கா இங்கே எழுதியிருந்தார். முதல் முறையாக விருந்தினரை ஏற்கப்போகும் ஒரு தம்பி, என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். அக்கா சொன்னது 1974-இல் ஜப்பானும் ஆசியான் நாடுகளும் சேர்ந்து தொடங்கிய இளைஞர் கப்பல் திட்டம். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் வேறு மாதிரி. எல்லாரும் வேலையில் இருப்பவர்கள், ரோட்டரி என்ற சேவைச் சங்கத்தின் குழு ஆய்வுப் பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர்கள். என் வீட்டுக்காரர் அதில் உறுப்பினர் என்பதால் எங்கள் முறை வந்தபோதெல்லாம் ஒருவரைத் தங்க வைத்தோம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1965-இல் தொடங்கி 2013 வரை நடந்த திட்டம் இது. 25 முதல் 40 வயதுக்குள் உள்ள சிலர், அவர்களுக்குத் தலைவராக ஒரு ரோட்டரி உறுப்பினர், நான்கிலிருந்து ஆறு வாரம். உறுப்பினர் வீடுகளில் மாறி மாறித் தங்குவார்கள். ஒவ்வொருவரும் தன் தொழிலில் இருக்கும் உள்ளூர்க்காரரைப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. திட்டத்தின் உயிரே அதுதான். நாம் பெரும்பாலும் விட்டுவிடுவதும் அதைத்தான். கொடிமலை, பாம்புக் கோயில் என்று சுற்றுலா இடங்கள், ஏழு மணிக்கு விருந்து, அப்புறம் இன்னொரு விருந்து. ஒரு முறை ஓர் ஏற்பாட்டுக் குழு போட்டிருந்த அட்டவணையில் காலை எட்டிலிருந்து இரவு பத்துவரை இடைவெளியே இல்லை. எங்கள் வீட்டில் தங்கியிருந்த பெண் காரிலேயே தூங்கிவிட்டார். வந்தவர்கள் வாய்திறந்து குறை சொல்ல மாட்டார்கள். நாம்தான் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

2011-இல் டென்மார்க்கிலிருந்து ஒரு பெண் வந்தார். ஒரு சிறிய ஊரின் நகராட்சியில் குப்பை நிர்வாகம் அவர் வேலை. அந்த வருடம் ஜனவரியிலிருந்துதான் பினாங்கில் எல்லா நாளும் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது என்றாகியிருந்தது. வேண்டுமென்றால் அப்போது 20 சென் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அதை அவர் படித்துவிட்டே வந்திருந்தார். கொடிமலைக்குப் போகலாமா என்று கேட்டால், "மார்க்கெட் எப்போது மூடுவார்கள்?" என்கிறார். சரி என்று சௌராஸ்தா மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனேன். மதியத்துக்கு மேல் மீன் கடைக்காரர்கள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் கரைந்த தண்ணீர், செதில், கோழி இறகு எல்லாம் சேர்ந்து கால்வாயில் ஓட, அந்தப் பெண் குனிந்து கால்வாய் மூடியின் கம்பி இடைவெளியை விரலால் அளந்து பார்த்தார். பெருக்கிக்கொண்டிருந்த அண்ணனிடம், எது அதிகம் அடைத்துக்கொள்கிறது என்று என்னைக் கேட்கச் சொன்னார். "கயிறும்மா, மூட்டை கட்டுற நைலான் கயிறு," என்றார் அவர். அரை மணி நேரம் இரண்டு பேரும் கயிற்றைப் பற்றியே பேசினார்கள். ஊர் சுற்றிக் காட்டிய எந்த நாளிலும் அவர் முகத்தில் அந்த மலர்ச்சியை நான் பார்க்கவில்லை.

அன்று இரவு தோசை சாப்பிடும்போது, "உங்கள் வட்டாரக் கவுன்சிலர் யார்? எத்தனை ஓட்டில் ஜெயித்தார்?" என்று கேட்டார். நம் நாட்டில் கவுன்சிலருக்குத் தேர்தல் இல்லை, மாநில அரசு நியமிக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. அப்போதுதான் அப்பா பேச ஆரம்பித்தார். "நான் ஓட்டுப் போட்டிருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லும்மா!"

போருக்குப் பிறகு மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951-இல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில்தான் நடந்தது. 1957-இல் இது மாநகரமானபோது முதல் மேயர் தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன். அவர் பெயரில் உள்ள சாலையில்தான் அன்று காலை அந்தப் பெண்ணோடு போயிருந்தோம். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் கவுன்சிலர்களுக்கான ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு அது முடிந்தே போனது. மேடைகள், சின்னங்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று அப்பா அடுக்கிக்கொண்டே போனார். பாதிக் கதை எனக்கே புதிது. ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் நான் ஒரு நாளும் அவரிடம் கேட்டதில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் கேட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. அதற்காகவே அந்தப் பெண்ணுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆசிரியர் ஒருவரும் ஒரு முறை வந்தார், பிரேசில்காரர். தமிழ்ப்பள்ளிக்கு அழைத்துப் போனேன். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து வரும் வரலாற்றைத் தலைமையாசிரியர் சொன்னார். ஆனால் வந்தவர் சுவரில் இருந்த கால அட்டவணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்று பாடமுமா என்று கேட்டு, அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

2014-இல், ஊராட்சித் தேர்தல் நடத்தப் பினாங்கு இயற்றிய சட்டம் செல்லாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்னபோது டென்மார்க்குக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: "உங்கள் அப்பா என்ன சொன்னார்?" அப்பா சொன்னதை இங்கே எழுத முடியாது, அவருக்கு அவ்வளவு கோபம்.

கேட்டிருந்த தம்பிக்கு: அறையில் கொசுவத்தி, குளியலறையில் ஒரு துண்டு கூடுதலாக, காரம் குறைவாக ஒரு குழம்பு. இவை போதும், ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதை வருவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். அதே வேலையில் இருக்கும் ஒருவரை, பெரிய அதிகாரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பிடித்து வையுங்கள். ஒரு மாலையைச் சும்மா விடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார வையுங்கள். பினாங்குப் பக்கம் மார்க்கெட்டிலோ தமிழ்ப்பள்ளியிலோ ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன்.