மீன் ராக்கெட்டும் தேசிக்காய் அளவு களிமண்ணும்

கல்லடி மாமா:
தண்ணி ராக்கெட் விட்டவர்கள்தானே எல்லாரும், போத்தலில் கொஞ்சம் தண்ணி ஊற்றிச் சைக்கிள் பம்பால் காற்றடித்து மேலே விடுகிற கதையை விடுகிறேன். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அக்காவின் மகன் மீன் வடிவத்தில்தான் செய்வேன் என்று நின்றான். மீன் பாடும் மட்டக்களப்புப் பொடியன், வேறு என்ன கேட்பான்! வாலில் சின்ன அட்டை, செவுளருகே இரண்டு பெரிய செட்டை. செட்டை முன்னுக்கு இருந்தால் நேரே போகாது என்றேன். “மீனுக்குச் செட்டை எங்க மாமா இருக்கு?” என்றான்.

கண்காட்சிக்கு முதல் நாள் இரவு, நேரே போகுமா என்று பார்க்க, விரலில் சமனாக நிற்கும் இடத்தில் நூல் கட்டி முற்றத்தில் சுழற்றினோம். மூக்கு முன்னால் வர வேண்டும். மீனோ வாலை முன்னுக்கு நீட்டிக்கொண்டு சுற்றியது. அவன் ஒரு சொல் பேசாமல் படுக்கப் போய்விட்டான். மூக்குப் பாரமாகட்டும் என்று நான் அதைக் கழற்றித் தேசிக்காய் அளவு களிமண்ணை உள்ளே அப்பினேன். வாலில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளையும் செட்டையாக ஒட்டினேன்.

மறுநாள் தென்னைக்கு மேலே நேராகப் போனது. “பாத்தீங்களா, மீன் மாதிரியே போகுது!” என்று கத்தினான். நானும் தலையாட்டினேன். இப்போது ஏ எல், உயர்தரம் படிக்கிறான். இன்னும் சொல்லவில்லை.

காத்தான்குடி காக்கா:
நாங்கள் பின்நேரம் கடற்கரையில் விட்டோம். கடல் காற்றுப் பக்கம் மூக்கைத் திருப்பி நேரே கடலுக்குள் போனது, அவ்வளவுதான். கடற்கரையில் விடவே கூடாது. அது கிடக்க, தம்பி, செட்டையை எதால் ஒட்டினீர்கள்? சூட்டுப் பசை என்றால் போத்தல் இளகிப் பலம் போய்விடும். அரத்தாளாலும் தேய்க்க வேண்டாம். சோடாப் போத்தல் மட்டும்தான் எடுங்கள், மெல்லிய தண்ணிப் போத்தல் வேண்டாம். ஒன்றரை லீட்டருக்கு அரை லீட்டர் தண்ணி காணும். பிள்ளைகள் நின்றால் காற்றமுக்கம் 60 பிஎஸ்ஐக்கு மேல் போக அடிக்காதீர்கள். புதுப் போத்தலை முதலில் முட்டத் தண்ணி நிரப்பிப் பம்பால் அமுக்கம் கொடுத்துப் பாருங்கள், வெடித்தாலும் துண்டு பறக்காது. கீறல் விழுந்ததை எறிந்துவிடுங்கள்.

திருக்கோவில் தங்கச்சி:
காக்கா, காற்றைப் பாராமல் விட்டுவிட்டுக் கடற்கரையைக் குறை சொன்னால் எப்படி? மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்றில் விட்டுப் பாருங்கள், மேற்கே ஊர்ப்பக்கம் சாயும். எங்களுடையது கருவாடு காயவைத்த பாயில் போய் விழுந்தது. அந்தம்மா திருப்பித் தரவே இல்லை!

கல்லடி அண்ணன், பொடியனுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? அவ்வளவு களிமண்ணின் பாரம் கையில் தெரியாமலா போகும்?

கல்லடி மாமா:
சூட்டுப் பசை இல்லை காக்கா, டேப்தான்.

தங்கச்சி, தண்ணி ஊற்ற முதல் அவன் அதை வெறுங்கையில் இரண்டு தரம் தூக்கிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பம்பை எடுக்கச் சொல்கிறான் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன்.