22 வருடமாகப் பிரித்துக் கிடக்கும் எம்ஜிபி: ஓய்வு பெறும் வரை காத்திருக்கலாமா, இப்போதே தொடங்கலாமா?

ரோட்ஸ்டர்71:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 1971 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இருக்கிறது. பாடி தார்ப்பாய்க்குள், இன்ஜினும் கியர்பாக்ஸும் மரப்பலகை மேல், மற்றதெல்லாம் 14 அட்டைப்பெட்டிகளில். 36 வயதில் முழுசாகப் பிரித்தேன், ஒரு வருடத்தில் மாட்டிவிடலாம் என்று நம்பித்தான் பிரித்தேன். அப்புறம் மகள் பிறந்தாள், வேலையில் பொறுப்பு கூடியது, இரண்டு தடவை வீடு மாறினோம். இரண்டு தடவையும் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தேனே தவிர ஒரு நட்டைக்கூடத் திருகவில்லை. இப்போது வயது 58. ஓய்வுக்கு இன்னும் 16 மாதம்.

போன ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை விலக்கினேன். டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் என்ற தகட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் பெயிண்ட் தோல் மாதிரி உள்ளே போகிறது, உள்ளிருந்து துருத்தூள் தரையில் கொட்டுகிறது. பெட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகள் பாதிக்கு மேல் மங்கிவிட்டன. ஒன்றில் மட்டும் என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது: "முன் இடது, கவனம்". எதைக் கவனிக்கச் சொல்லி எழுதினேன் என்று நினைவே இல்லை.

மனசு கனத்துப்போய் மறுபடி மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கார்பரேட்டர் பெட்டியைத் திறந்து எஸ்யூ கார்பரேட்டர் ஒன்றின் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டேன், அது மெதுவாக இறங்கி "டக்" என்று உட்கார்ந்தது. 22 வருடத்துக்கு அப்புறமும் அதே சத்தம். அதிலிருந்து தூக்கம் வரவில்லை.

கேட்க வேண்டியது இதுதான். ஓய்வு பெற்று முழு நேரமும் கையில் வந்தபிறகு தொடங்குவது நல்லதா, இல்லை இப்போதே வாரக்கடைசிகளில் தொடங்கலாமா? பாடி முதலிலா இன்ஜின் முதலிலா? என் வலது தோள்பட்டை முன்போல இல்லை, இதையும் சேர்த்தே சொல்லுங்கள். வேறு யாருக்காவது கொடுத்துவிடுவதுதான் சரி என்று தோன்றினால் அதையும் தயங்காமல் சொல்லலாம்.

எண்ணெய்க்கை:

சார், காத்திருக்காதீர்கள். ஓய்வு பெற்ற மறுநாள் காலை 14 பெட்டிகள் முன்னால் போய் நின்றால் எதை எடுப்பது என்றே தெரியாது, முதல் மாதமே சலித்துவிடும். இந்த 16 மாதத்தை எண்ணிப் பார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒரு புதுப் பாகமும் வாங்க வேண்டாம். எம்ஜிபி 1962லிருந்து 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார், பாகங்கள் இன்றைக்கும் புதிதாகவே வருகின்றன, எங்கேயும் ஓடிப்போகாது. உங்களிடம் என்ன இருக்கிறது, எது இல்லை, எது கெட்டுப்போயிருக்கிறது என்ற பட்டியல்தான் முதல் வேலை. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் துணிமேல் பரப்பிப் படம் எடுத்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, பைக்கு உள்ளே ஒரு சீட்டும் வெளியே ஒரு சீட்டும்.

இன்ஜின் எப்படி இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், அது வேலையின் அளவையே மாற்றிவிடும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம், பத்து நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் கிராங்க் புல்லி நட்டில் சாக்கெட் போட்டுக் கையால் மட்டும் அசையுங்கள். செல்ஃப் மோட்டாரை இணைத்துச் சுற்றவே கூடாது, பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் உடைந்துபோகும். முன்னே அரை விரற்கடை, பின்னே அரை விரற்கடை என்று அசைத்தாலே போதும், பொறுமையாக விடுபட்டு வரும். நட்டெல்லாம் அங்குல அளவு என்பது நினைவிருக்கும், மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு முனையை மழுக்கிவிடாதீர்கள்.

இன்ஜின் சுற்றுகிறது என்று தெரிந்துவிட்டால் மூடி வைத்துவிட்டு பாடிக்குப் போங்கள். இந்தக் காருக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, மேலே கூரையும் இல்லை, ஆகவே முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பதே அந்தச் சில்கள்தான். வெளித்தகட்டை மட்டும் வெட்டிப் புதிது ஒட்டினால் ஏமாற்றம்தான், உள்ளே நடுத்தகடும் உள்தகடும் இருக்கின்றன, துரு அங்கிருந்துதான் வெளியே வருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வெட்டக்கூடாது. கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து இறுக்கியபிறகுதான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது.

கதவை இப்போதே மாட்டிப் பாருங்கள். கதவின் பின் ஓரத்தில் இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் ஏற்கெனவே தொய்வு தொடங்கிவிட்டது என்று பொருள்.

பிரேக்கில் மட்டும் பழசு எதையும் நம்பாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், 22 வருடத்தில் வீல் சிலிண்டர் உள்ளே குழி விழுந்திருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருந்தால் ஆயில் போகும், திரும்பி வராது, பிரேக் பிடித்தபடியே நிற்கும். மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், பைப் மொத்தமும் புதிது. டயரும் அப்படியே, பட்டன் நன்றாக இருந்தாலும் அந்த வயதான ரப்பரில் ரோட்டில் போகக்கூடாது.

நாலாம்கியர்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். நான் 61 வயதில் இதே மாதிரி ஒரு வேலையை மறுபடி எடுத்தேன், முடிக்க ஆறு வருடம் ஆனது. அதில் இரண்டு வருடம் வெல்டிங் கற்றுக்கொண்டு தகட்டில் ஓட்டை போட்டதிலேயே போனது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே வெல்டிங் டார்ச்சைப் பிடித்துச் செய்யும் வேலை தோள்பட்டை சரியில்லாதவருக்கு ஆகாது. பாடியை நல்ல வெல்டர் ஒருவரிடம் கொடுங்கள், ஆனால் கூடவே நில்லுங்கள். எனக்குப் பணத்தை முழுசாக முன்னாலேயே வாங்கிக்கொண்ட ஒரு பட்டறை, துருவின்மேல் பட்டி பூசி பெயிண்ட் அடித்துக் கொடுத்தது, ஒரே வருடத்தில் கொப்பளம் கொப்பளமாக வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டமாகப் பணம் கொடுங்கள், பெயிண்ட் ஏறுவதற்கு முன் தகட்டைக் கண்ணால் பாருங்கள்.

உங்களுக்கு மிச்சம் இருப்பதே ஏராளம். கார்பரேட்டர், பிரேக், சஸ்பென்ஷன், ஒயரிங், சீட் எல்லாம் மேசை முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை. ஒயரிங்கைப் பற்றிப் பயப்படாதீர்கள், லூகாஸ் நிறமுறை ஒன்று இருக்கிறது: பழுப்பு எப்போதும் கரண்ட் இருப்பது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதிலிருந்து ஃபியூஸ் வழியாகப் போவது, கருப்பு எர்த். இது மனப்பாடம் ஆனால் பாதி ஒயரிங் முடிந்த மாதிரி. ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும், நம் வயதில் மங்கல் வெளிச்சத்தில் பழுப்பும் கருப்பும் ஒன்றாகத்தான் தெரியும். சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு உட்காரும் பெட்டிகளையும் சுரண்டிப் பாருங்கள், அங்கே துரு இல்லாத கார் அபூர்வம்.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை (வால்வு வந்து உட்காரும் இடம்) கெட்டியான வகைக்கு மாற்றிவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த ஹெட் அது, ஈயம் இல்லாத இப்போதைய பெட்ரோலில் பழைய சீட் தேய்ந்துவிடும். பெட்ரோல் ஹோஸும் எத்தனால் தாங்குகிற வகையாக இருக்கட்டும், பழைய ரப்பரை இப்போதைய பெட்ரோல் கரைத்துவிடும், ஒழுகினால் தீப்பிடிக்கிற ஆபத்து.

இன்னொன்று. வாரத்தில் இரண்டு நாள், தடவைக்கு இரண்டு மணி நேரம் போதும். எழுந்து போகும்போது அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதி வேலை மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். எனக்கு ஆறு வருடமும் கைகொடுத்தது இந்த ஒரு பழக்கம்தான்.

அப்பாவின்_ஸ்பிட்ஃபயர்:

ஐயா, நான் மெக்கானிக் இல்லை, தொழில்நுட்பம் மற்றவர்கள் சொல்வார்கள். என் அப்பா ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரைப் பிரித்து வைத்துவிட்டு, ஓய்வு பெற்றதும் மாட்டலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓய்வு பெற்ற வருடமே படுத்துவிட்டார், அடுத்த வருடம் போய்விட்டார். இப்போது பெட்டிகள் என்னிடம். எதிலும் சீட்டு இல்லை. ஒரு டப்பா நிறைய போல்ட் இருக்கிறது, ஒவ்வொன்றையும் எண்ணெயில் துடைத்துத்தான் போட்டிருக்கிறார், எது எங்கே போகும் என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. நான் கற்றுக்கொண்டுதான் வருகிறேன், பின் சஸ்பென்ஷன் வரை வந்துவிட்டேன். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மகள் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டியைத் திறக்கும்போது தயவுசெய்து அவளையும் கூப்பிடுங்கள்.

எண்ணெய்க்கை:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்பிட்ஃபயருக்குத் தனி சேசிஸ் உண்டு, பானெட் மொத்தமும் முன்பக்கமாகச் சாயும், தனியாகக் கற்றுக்கொள்ள நல்ல கார். எங்கே நின்றாலும் படத்தோடு கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

சார், ஒன்று விட்டுவிட்டேன். முன் சக்கர ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு ஸ்பேசரும் காகிதம் மாதிரி மெல்லிய ஷிம்களும் இருக்கும். எத்தனை ஷிம் என்பது ஒவ்வொரு பக்கத்துக்கும் மாறும், கலந்துவிடாதீர்கள். பேரிங் புதிதாகப் போட்டால் மறுபடி அளந்துதான் வைக்க வேண்டும், ஆனாலும் பழைய கணக்கு கையில் இருந்தால் வேலை சுலபம்.

ரோட்ஸ்டர்71:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், அதற்குள் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்றுதான் பேசாமல் இருந்தேன்.

இன்ஜின் சுற்றுகிறது. எண்ணெய் ஊற்றிப் பன்னிரண்டு நாள் விட்டேன். முதல் நாள் கல் மாதிரி நின்றது, இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாவது தடவை சாக்கெட் கம்பியை இடது கையால் பிடித்து மெதுவாக அழுத்தினேன், உள்ளே ஏதோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம், கம்பி ஒரு விரற்கடை இறங்கியது. அன்றைக்கு அதற்குமேல் தொடவில்லை. மறுநாள் முழுச் சுற்று வந்தது, பிளக் துளை வழியாகப் பழைய எண்ணெய் கருப்பாகத் துப்பியது. ஹெட்டைக் கழற்றி வால்வு சீட் வேலைக்குக் கொடுக்கப்போகிறேன்.

கதவு விஷயத்தில் நீங்கள் பயந்தது சரி. டிரைவர் பக்கம் மேலே ஒரு நூல்கூட இடைவெளி இல்லை, கீழே இரண்டு நூல் இருக்கிறது. மறுபக்கம் பரவாயில்லை. நாலாம்கியர் சார் சொன்னபடி வெல்டர் ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டேன், கம்பி வைத்து இறுக்கும்போதும் வெட்டும்போதும் நான் கூட இருப்பேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். கொடுத்துவிடுவது பற்றி இனி பேச்சில்லை.

மகள் போன வாரம் வந்திருந்தாள். பெட்டிகளைத் திறந்து படம் எடுத்து எழுதியதெல்லாம் அவள்தான், ஒன்பது பெட்டி முடிந்தது. "முன் இடது, கவனம்" பெட்டியையும் அவள்தான் திறந்தாள். அடியில் ஒரு ஃபிலிம் டப்பா, அதற்குள் எண்ணெய்த்தாளில் சுற்றிய மூன்று ஷிம்கள், தாளில் என் கையெழுத்தில் "இடது ஹப், 3, கலக்காதே". வலது பக்கத்து டப்பா இன்னும் கிடைக்கவில்லை. மிச்சம் ஐந்து பெட்டி இருக்கிறது, சனிக்கிழமை பார்க்கிறோம்.