சைலன்சரை மேலே தூக்கும் வேலை: எங்கள் தோட்டக் குழுவில் பேசியது

குழு: தாண்டிக்குடித் தோட்டம்

ஞாயிறு

பெரியப்பா, காலை 8:10
எல்லோருக்கும் வணக்கம். நேற்று மாலை காப்பிப் பழ மூட்டைகளோடு மேல் தடத்திலிருந்து இறங்கும்போது, ஓடைக்கு முன்னால் இருக்கும் மேட்டில் பிக்கப்பின் சைலன்சர் பாறையில் மோதிப் பின் பிராக்கெட் பிய்ந்து தொங்கிவிட்டது. கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி வண்டியை வீடு கொண்டு வந்து சேர்த்தோம். இந்தப் பறிப்பில் இது மூன்றாவது முறை. பற்றவைப்பதும் மறுபடி அடிபடுவதுமாக இருப்பதைவிட, அந்தக் குழாய் போகும் வழியையே மாற்ற முடியுமா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

தம்பி, காலை 8:24
பெரியப்பா, எனக்குத் தோன்றும் வழி சுலபமானது. கேபினுக்குப் பின்னால் குழாயை வெட்டி, பின் சக்கரத்துக்கு முன்பாகவே வலப்பக்கம் வளைத்து வெளியே விட்டுவிடலாம். பின்னால் தொங்க எதுவுமே இருக்காது, அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

அத்தை, காலை 8:31
அப்படிச் செய்யாதே கண்ணு. மாலையில் மேல் தடத்திலிருந்து வரும்போது பறிப்புப் பெண்கள் நான்கைந்து பேர் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் வருகிறார்கள். வண்டி முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் விட்ட புகை நேரே அவர்கள் முகத்துக்குத்தான் வரும். சரக்கு வண்டியில் ஆளை ஏற்றுவதே சரியில்லை என்று நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், அது தனிப் பேச்சு.

அக்கா (ஒரகடம்), காலை 8:52
அத்தை சொல்வது முற்றிலும் சரி. டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் புகையைவிடக் குறைவு என்றாலும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரித்துகளும் அதிகம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. ஓடும் வண்டியில் கேபினுக்குப் பின்னால் காற்று சுழன்று உள்ளிழுக்கும் என்பதால், பக்கத்தில் விட்ட புகை பின் கண்ணாடி இடுக்கு வழியாக ஓட்டுபவருக்கும் வந்து சேரும். ஆகவே குழாய் எந்த வழியாகப் போனாலும் அதன் வாய் வண்டியின் பின் முனையைத் தாண்டித்தான் இருக்க வேண்டும். தம்பி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி அடியில் உள்ள ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து போட்டால் மேற்கொண்டு பேசலாம்.

தம்பி, காலை 11:40
களத்துச் சிமெண்டுத் தரையில் வெறும் வண்டியாக நிறுத்தி அளந்தேன். சேசிஸ் நீளத் தண்டின் அடிப்பக்கம் 390 மி.மீ., கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பர் 270, சைலன்சரின் வயிறு 215, பின் அச்சின் நடுவில் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் 210. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 3,100. சைலன்சரின் முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு பளபளவென்று தேய்ந்து, ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசலும் இருக்கிறது. ஆனால் ஒன்று புரியவில்லை. டிஃபரன்ஷியல்தானே எல்லாவற்றையும்விடத் தாழ்ந்திருக்கிறது, அது ஏன் அடிபடுவதில்லை?

மாமா (திண்டுக்கல்), மதியம் 12:15
நல்ல கேள்வி மாப்பிள்ளை. டிஃபரன்ஷியல் சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது; வண்டியில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் டயர் சற்று அமுங்குவதைத் தவிர அதன் உயரம் மாறாது. கல்லைக் கண்டால் சக்கரத்தை அதன் மேல் ஏற்றிப் போக வேண்டும் என்பதும் உன் கைக்குப் பழகியிருக்கும். சைலன்சர் அப்படியில்லை, அது சேசிஸில் தொங்குகிறது. மூட்டை ஏறினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கும், சேசிஸ் இறங்கும், சைலன்சரும் கூடவே இறங்கும். அதுவும் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருப்பதால், முன் சக்கரம் மேட்டைத் தாண்டி இறங்கியதும் மேட்டின் முதுகு நேராக அதன் வயிற்றில்தான் முட்டும். பாரத்தோடு ஒருமுறை அளந்து பார், தெரிந்துவிடும்.

தம்பி, மாலை 5:05
மூட்டைகளோடு அளந்தேன் மாமா. பின்பக்கம் 70 மி.மீ., முன்பக்கம் 10 மி.மீ. இறங்கியது. நடுவில் அது 40 ஆவதால் சைலன்சர் 175க்கு வந்துவிட்டது.

அக்கா (ஒரகடம்), மாலை 5:30
நடு உயரத்தையும் சக்கர இடைவெளியையும் வைத்துக் கணக்குப் போட்டால், வெறும் வண்டி ஏறத்தாழ 16 பாகை மேட்டை வயிறு உரசாமல் தாண்டும். பாரம் ஏற்றியதும் அது 13 பாகையாகக் குறைகிறது. சைலன்சரையும் குழாயையும் கிராஸ் மெம்பருக்கு மேலே கொண்டுபோய்விட்டால் நடுவில் மிகத் தாழ்ந்தது அந்தக் கிராஸ் மெம்பர்தான். பாரத்தோடு அது 230இல் நிற்கும், 17 பாகை கிடைக்கும். நான்கு பாகை சிறியதாகத் தெரியலாம், ஆனால் மூட்டையோடு போகும் வண்டி இப்போதைய வெறும் வண்டியைவிடச் சற்றுக் கூடவே தாண்டும் என்று பொருள்.

பெரியப்பா, மாலை 6:10
பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டு வண்டியையே உயர்த்திவிட்டால் என்ன? பக்கத்துத் தோட்டத்தில் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

மாமா (திண்டுக்கல்), மாலை 6:28
மச்சான், அதனால் உயரம் கிடைக்கும், ஆனால் வெறும் வண்டி கட்டை போலத் துள்ளும், பின் அச்சைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சாய்வு மாறி யுனிவர்சல் ஜாயிண்ட் சீக்கிரம் தேயும், மலை வளைவில் பாரமும் உயரத்துக்குப் போய்விடும். இவ்வளவையும் செய்த பிறகும் சைலன்சர் சேசிஸுக்குக் கீழேதான் தொங்கிக்கொண்டிருக்கும். அடியில் இரும்புத் தகடு கட்டுவதும் எனக்குப் பிடிக்காத வேலை. அது இன்னும் கொஞ்சம் உயரத்தைத் தின்னும், காய்ந்த புல்லும் சருகும் சூடான குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே சேர்ந்தால் தீப்பிடிக்கும். குழாயை மேலேற்றுவதுதான் நேர்வழி. புதன்கிழமை வண்டியை என் பட்டறைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

நான், இரவு 8:45
மாமா, இப்போதுள்ள குழாயையே கிராஸ் மெம்பருக்கு அடியில் தட்டிச் சப்பையாக்கினால் வெட்டி ஒட்டும் வேலை மிச்சமாகாதா?

அக்கா (ஒரகடம்), இரவு 9:02
வேண்டாம். 57 மி.மீ. குழாயை 30 மி.மீ. உயரத்துக்குச் சப்பையாக்கினால் உள்ளே புகை போகும் பரப்பில் கால்பங்கு போய்விடும். மலையேற்றத்தில் டர்போ முழு மூச்சில் வேலை செய்யும்போது அந்த இடத்தில் அழுத்தம் தேங்கி, இழுவை குறையும், புகையின் சூடும் கருமையும் கூடும். வழி மாற வேண்டுமே தவிர வழியின் அகலம் குறையக் கூடாது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: என்ஜினை ஒட்டி இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டையும் அதற்கு முந்திய எதையும் தொடாதீர்கள். நம்முடையது 2018ஆம் ஆண்டின் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிப்படி வந்த வண்டி என்பதால் கரி வடிகட்டி கிடையாது. பாரத் ஸ்டேஜ் 6 வண்டியாக இருந்தால் வடிகட்டியும் சென்சார்களும் அடிவரை நீண்டிருக்கும், இந்த யோசனையையே நான் தடுத்திருப்பேன்.

பெரியப்பா, இரவு 9:20
எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகும்போது தொல்லை வராதே?

அக்கா (ஒரகடம்), இரவு 9:41
பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. நாம் என்ஜினையோ நீள அகலத்தையோ தொடவில்லை. ஆனாலும் வேலை தொடங்கும் முன் மாமா ஒரு படம் வரைந்து வாகன ஆய்வாளரிடம் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. சத்தம் கூடக் கூடாது, புகைச் சான்றைப் புதிதாக எடுத்துவிட வேண்டும். 1989ஆம் ஆண்டு மத்திய விதிகளில் 113ஆவது விதி, டீசல் டேங்குக்கும் என்ஜினுக்கும் இடையில் ஓடும் எரிபொருள் குழாயிலிருந்து 35 மி.மீ.க்குள் புகைக்குழாய் இருக்கக் கூடாது என்கிறது. அது சட்டத்தின் அளவு. நாம் அதைவிட இரண்டு மடங்காவது விட்டுவிடுவோம்.

புதன்

மாமா (திண்டுக்கல்), மாலை 4:50
நேற்றே படத்தைக் காட்டி ஆய்வாளரிடம் கேட்டுவிட்டேன். கேட்டலிஸ்ட்டும் சைலன்சரும் இருந்து, புகையும் சத்தமும் அளவுக்குள் நின்றால் தடையில்லை என்றார். வண்டி இப்போது தூக்கியில் நிற்கிறது. டீசல் டேங்கும், எரிபொருள், பிரேக் குழாய்களும் இடப்பக்கம். வலப்பக்கத்தில் ஹேண்ட் பிரேக் கேபிள் மட்டும் ஓடுகிறது. சேசிஸ் தண்டுக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் நடுவே 330 மி.மீ. இடம் இருக்கிறது. பழைய உருண்டைச் சைலன்சர் 180 மி.மீ. விட்டம் என்பதால்தான் வயிறு கீழே தள்ளியது; அதற்குப் பதிலாக 200 அகலமும் 115 உயரமும் உள்ள முட்டை வடிவச் சைலன்சரைப் படுக்கையாக வைத்தால் இரு பக்கமும் 65 மி.மீ. மிஞ்சும். குழாயைக் கிராஸ் மெம்பருக்கு மேலாக ஏற்றி, பின் அச்சின் மேல் வளைத்து, பழைய இடத்திலேயே பின்னால் வெளியே விடுகிறேன்.

அக்கா (ஒரகடம்), மாலை 5:15
மாமா, மூன்று வேண்டுகோள். பற்றவைக்கும் முன் பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் என்ஜினின் கணினியான ஈ.சி.யு.வுக்கு ஆபத்து. வளைவுகளை மணல் அடைத்து வளைக்காமல், உட்சுற்று மடிப்பு விழாத வளைவுத் துண்டுகளை வாங்கி ஒட்டுங்கள். கேட்டலிஸ்ட்டுக்குப் பின்னால் உள்ள நெளிவுக் குழாயை விட்டுவிடாதீர்கள். இரண்டரை மீட்டர் இரும்புக் குழாய் 250 பாகை செல்சியஸ் சூடேறினால் 7 மி.மீ.க்கு மேல் நீளும், என்ஜினும் தன் ரப்பர்களின் மேல் ஆடும். எங்கேயும் சேசிஸோடு இறுக்கமாகப் பிணைத்தால் சில மாதங்களில் பற்றவைத்த இடம் விட்டுப்போகும்.

மாமா (திண்டுக்கல்), மாலை 5:22
நாற்பது வருடமாகச் சைலன்சரை ரப்பரில்தான் தொங்கவிடுகிறேன் அம்மா, கவலைப்படாதே. ஆனால் பேட்டரியை நினைவூட்டியது நல்லது, பையன்கள் சில நேரம் ஒரு முனையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

வியாழன்

மாமா (திண்டுக்கல்), மதியம் 1:30
புள்ளிப் பற்று மட்டும் வைத்துக் குழாயை நிறுத்திவிட்டு, முழுதாகப் பற்றவைக்கும் முன் ஒரு சோதனை செய்தேன். ஈரக் களிமண்ணைச் சுண்டுவிரல் உயரத்துக்கு உருட்டி, அச்சுக்கு மேலே வரும் வளைவிலும், கேபிள் பக்கத்திலும், புரொப்பல்லர் ஷாஃப்டின் பக்கத்திலும் ஒட்டினேன். பிறகு பின்னால் எட்டு மூட்டை மணல் ஏற்றி, வலப் பின் சக்கரத்தைச் சரிவுப் பலகையில் ஏற்றி, ஸ்பிரிங் பட்டை மேலே உள்ள முட்டுத் தடுப்பு ரப்பரைத் தொடும் வரை அமுக்கிப் பார்த்தேன். ஷாஃப்டின் பக்கம் களிமண் அப்படியே இருந்தது. அச்சின் மேல் இருந்தது நசுங்கி மெல்லிய வடையாகிவிட்டது. மூட்டையோடு குழியில் விழுந்திருந்தால் அச்சு குழாயைக் கீழிருந்து குத்தியிருக்கும். வளைவை வெட்டி 40 மி.மீ. மேலே தூக்கி, மறுபடி அமுக்கிப் பார்த்தேன். இப்போது விரல் தாராளமாக நுழைகிறது.

தம்பி, மதியம் 1:48
மாமா, தரையில் நிற்கும் வண்டியை மட்டும் பார்த்து நானே வெட்டியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சொன்ன அரை நாள் வேலையை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அத்தை, மதியம் 2:05
ஹேண்ட் பிரேக் கேபிள் சூட்டில் கருகிவிடாதா? அந்த இறக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பெண்களை இறக்குகிறார்கள்.

மாமா (திண்டுக்கல்), மதியம் 2:20
சரியான இடத்தைக் கேட்டாய். கேபிளைப் புதுக் கிளிப் போட்டுச் சேசிஸ் தண்டின் வெளிப்பக்கமாக நகர்த்தி, சைலன்சருக்கும் அதற்கும் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடும் வைத்திருக்கிறேன். தகட்டின் இரு முனைகளும் திறந்திருப்பதால் சருகு தங்காது, காற்றும் ஓடும்.

சனி

பெரியப்பா, மாலை 6:40
இன்று அதே அளவு பழ மூட்டைகளோடு மேல் தடத்திலிருந்து இறங்கினோம். ஓடை மேட்டில் நான் இறங்கி நின்று குனிந்து பார்த்தேன். பாறையின் உச்சியில் பழைய சைலன்சரின் உரசல் கோடு இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. வண்டி அதைத் தொடாமல் தாண்டியது, கிராஸ் மெம்பருக்கும் பாறைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருந்தது. பறிப்புப் பெண்களை இன்று மூட்டைகளோடு ஏற்றாமல், கீழ்த் தோட்டத்து ஜீப்பை வரவழைத்து அதில் ஏற்றி அனுப்பினேன். இனி அப்படியே செய்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

அத்தை, மாலை 6:44
மிகவும் நிம்மதி அண்ணா.

அக்கா (ஒரகடம்), மாலை 7:10
தம்பி, வண்டி ஆறியதும் அடியில் படுத்து ஒருமுறை பார்த்துவிடு. குழாய்களைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் பிளாஞ்ச் இணைப்பில் கரிக்கோடு தெரிந்தால் அங்கே புகை கசிகிறது என்று பொருள். கேபிள் உறையைக் கையால் தொட்டு, எங்காவது இளகியிருக்கிறதா என்றும் பார்.

தம்பி, இரவு 8:35
பார்த்துவிட்டேன் அக்கா. கேபிள் உறை நன்றாக இருக்கிறது. முன் பிளாஞ்சின் மேல் போல்ட்டைச் சுற்றி மட்டும் நூல் போல ஒரு கரிக்கோடு இருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன்.

மாமா (திண்டுக்கல்), இரவு 8:50
புது கேஸ்கெட் முதல் சூட்டில் படிந்திருக்கும், அதனால் போல்ட் தளர்ந்திருக்கிறது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது மூன்று போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கு, ஒன்றையே ஒரேயடியாக முறுக்காதே. அடுத்த வாரம் புகைச் சான்று எடுக்க வரும்போது நானே ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.