கொரியாக்காரர்களுக்கு 'சால்வேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாராவது உண்டா?

ஒரகடம்காரன்:
2017 தொடக்கத்தில் கொரிய எஞ்சினியர்களுக்கு மாலையில் ஆங்கிலம் எடுத்தேன். ஒருவர் மெயிலில் 'வெள்ளத்தில் நனைந்த மோட்டார்களை ரெஸ்க்யூ செய்தோம்' என்று எழுதியிருந்தார். ரெஸ்க்யூ ஆளுக்கு, கெட்ட சாமானில் தேறுவதை மீட்பதற்கு சால்வேஜ் என்று சொல்லி, வழக்கமான உதாரணத்தைப் போர்டில் எழுதினேன்: மூழ்கிய கப்பலை சால்வேஜ் செய்தார்கள். திரும்பிப் பார்த்தால் வகுப்பே அமைதி. அவர் மட்டும் மெதுவாக 'இன்யாங்' என்றார். பிறகு, 'செவோல்'. தென்கொரியப் பயணிகள் கப்பல், 2014 ஏப்ரலில் மூழ்கியது. இறந்த 304 பேரில் 250 பேர் ஒரே பள்ளிப் பிள்ளைகள். கப்பல் அப்போதும் கடலடியில்தான் கிடந்தது. டஸ்டரை எடுத்து அழித்துவிட்டேன். அழித்திருக்கக் கூடாதோ என்று இன்றும் உறுத்துகிறது.

பூசான்வாசி:
அழித்தது சரிதான், உதாரணம்தான் சரியில்லை. இன்யாங் என்றால் மூழ்கியதைத் தூக்குவது மட்டும். சால்வேஜுக்கு நெருக்கமான சொல் 'கொன்ஜிதா'. தண்ணீரிலிருந்து எடுப்பதற்கும் அதுதான், நஷ்டத்தில் மிச்சம் பிடிப்பதற்கும் அதுதான். நாம் 'போட்ட முதலே தேறவில்லை' என்கிற இடத்திலும் அதுவே வரும். ஆனால் என் லேப் தோழி நூறு படம் எடுத்து ஒன்று அழகாக வந்ததும் 'ஐ சால்வேஜ்டு ஒன் போட்டோ' என்றாள். போன் கெட்டுவிட்டதோ என்று பதறிவிட்டேன். நல்ல படம் அமைந்தாலும் அவர்களுக்குக் கொன்ஜிதாதான். அதனால் முதலில் 'எது கெட்டது?' என்று கேட்டுப் பழக்குங்கள். எதுவும் கெடவில்லை என்றால் சால்வேஜ் வராது. அப்புறம் உச்சரிப்பு. கொரியனில் 'வி' ஒலி கிடையாது, 'பி' ஆகிவிடும். கடைசியில் ஓர் இகரமும் ஒட்டும். 'செல்பிஜி' என்பார்கள். மேல்பல் கீழுதட்டைத் தொடச் சொல்லுங்கள். நடுவில் 'ல்' விட்டுப்போனால் 'சாவேஜ்', காட்டுமிராண்டி என்று அர்த்தமாகிவிடும்.

கோவை டீச்சர்:
ரெஸ்க்யூ ஆளுக்கு மட்டும் என்பதை ஏற்கமாட்டேன். பொருளுக்கும், திட்டத்துக்கும்கூட வரும். சால்வேஜில் சேதம் முன்பே நடந்துவிட்டது, தேறியதுதான் மிச்சம். அதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரகடம்காரன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த மார்ச் கடைசியில் செவோலைத் தூக்கி மோக்போ துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வகுப்பில் அவரே எழுந்துபோய்ப் போர்டில் எழுதினார்: 'தே சால்வேஜ்டு தி ஷிப்.' இன்னும் 9 பேர் கிடைக்கவில்லை, அவர்களுக்கு எந்த வினை என்று கேட்டார். 'ஃபைன்ட்' என்றேன். அதையும் கீழே எழுதினார். அன்று டஸ்டரைத் தொடவில்லை.