மறு: ஆன்டிகோயாகுலன்ட்டுக்கு (ரத்தம் உறையாம தடுக்குற பொருள்) தமிழ்ச் சொல்லா "குருதி நீர்ப்பி" சரியா?

> டாக்டர்களே "ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை"ன்னுதான் சொல்றாங்க, பேசாம "குருதி நீர்ப்பி"ன்னு வெச்சிடலாமே தம்பி.

வேணாம்ண்ணா. வார்ஃபரின், ஹெப்பாரின்னு இந்த வகை மருந்து எது போட்டாலும் ரத்தம் ஒண்ணும் தண்ணியாகிறதில்ல, உறைய ஆகுற நேரம்தான் கூடுது. வார்ஃபரின் கல்லீரல்ல வைட்டமின் கே வேலையை முடக்குது, அதனால 2, 7, 9, 10 இந்த நாலு உறைதல் காரணியும் (ரத்தத்தை உறைய வைக்கிற புரதங்கள்) அரைகுறையா வெளிய வருது. ஹெப்பாரின் அப்படியில்ல, ரத்தத்துல ஏற்கனவே இருக்குற, உறையறதைத் தடுக்குற ஆன்டித்ராம்பின்ங்கிற புரதத்தை முடுக்கி விடுது. ரெண்டுலயும் நீர்க்கிற கதையே கிடையாது.

அதுக்காக நேத்து இதே பேச்சுல வந்த "உறைவெதிர்ப்பி"யும் எனக்கு ஒட்டல. உறைநிலைன்னா தண்ணி ஐஸ் ஆகுற வெப்பநிலைன்னுதானே படிச்சிருக்கோம், அப்போ இதை கார் ரேடியேட்டர்ல ஊத்துற சமாச்சாரம்னு ஒருத்தர் நினைச்சா அவர் மேல தப்பில்ல (நானே முதல்ல அப்படித்தான் நினைச்சேன்). "ரத்தக்கட்டு"ன்னு போனா அடிபட்டு கன்னிப்போனதுக்கு அந்தப் பேர் ஏற்கனவே இருக்கு. அதனால க்ளாட்டுக்கு (உறைஞ்ச ரத்தக் கட்டி) "குருதியுறைவு", மருந்துக்கு "குருதியுறைவுத் தடுப்பி". பேர்ல "மருந்து"ன்னு சேர்க்கக் கூடாது, ஏன்னா லேப் குழாய்ல இருக்குற சிட்ரேட், ஈடிடிஏங்கிற வேதிப்பொருள் எல்லாம் உறையத் தேவையான கால்சியத்தை பிடிச்சு வெச்சுக்கிட்டு இதே வேலையைத்தான் செய்யுது, அதையெல்லாம் யாரும் மருந்துன்னு சொல்லமாட்டாங்க.

ஆஸ்பிரினை இதுல அடைக்காதீங்க. அது தட்டணுக்கள்ல (பிளேட்லெட்) ஒரு என்சைமைக் கெடுத்து, அதுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறதைத் தடுக்குது, தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால கெட்டுப்போன என்சைமை புதுசா செஞ்சுக்க முடியாது, அது சாகுற வரைக்கும் 7-10 நாள் அப்படியேதான் கிடக்கும். "தட்டணு ஒட்டுத்தடுப்பி"ன்னு தனியா வெக்கலாம். ஏற்கனவே உறைஞ்சதைக் கரைக்கிற ஸ்ட்ரெப்டோகைனேஸ் வகைக்கு "உறைவு கரைப்பி", இதுல சண்டை வராதுன்னு நினைக்கிறேன்.

எனக்கு நிஜமா இடிக்கிறது த்ராம்போஜெனிசிட்டி, அதாவது ரத்தத்தை உறையத் தூண்டுற தன்மை. இது மருந்தோட குணம் இல்ல, ரத்தம் படுற பரப்போட குணம். கண்ணாடி பட்டா 12-ஆம் காரணி கிளம்பிடுது, அதே குழாய்ல சிலிக்கோன் பூசிட்டா உறையுறது மெதுவாகுது. இயந்திர வகை இதய வால்வு வெச்சவங்க ஆயுசுக்கும் வார்ஃபரின் சாப்பிடுறது இதனாலதான். வினையூக்கி நமக்குப் பழகின சொல், அந்த வழியில "உறைவூக்கம்"னு சொல்லலாமா?

---

தம்பி, நீர்ப்பியை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா உறைவூக்கம்னா எனக்கு விளையாட்டு வீரருங்க போட்டு மாட்டிக்கிற ஊக்கமருந்துதான் கண்ணு முன்னால வருது. "உறைவுத் தூண்டல்" எப்படி?

---

தூண்டல் நடக்குற காரியம்ண்ணா, நமக்கு வேண்டியது குணம். கடினமை, நெகிழ்மை மாதிரி "மை"ல முடிஞ்சா "உறைதூண்டுமை". "உறைதூண்டுமை குறைந்த பூச்சு"ன்னு வாக்கியத்துல போட்டுப் பாத்தேன், வாய்ல கொஞ்சம் கல்லு மாதிரிதான் இருக்கு, ஆனா அர்த்தம் தப்பல.