"இன்னைக்கு ஸ்பெஷலிஸ்ட்" என்றான் பையன்

பிரெப் அம்மா:

மெல்பர்ன் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மகன் இந்த வருஷம்தான் பிரெப்பில், அதாவது பள்ளியின் முதல் வகுப்புக்கு முந்தைய வருஷத்தில், சேர்ந்தான். முதல் டெர்மில் ஒரு நாள் காலை ஷூவை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு எனக்கு ஸ்பெஷலிஸ்ட்" என்றான். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் தோசைக்கரண்டியோடு ஓடிவந்தார். "குழந்தைக்கு என்னம்மா ஆச்சு? ஏன் என்கிட்ட மறைச்சீங்க?" நமக்கு ஸ்பெஷலிஸ்ட் என்றாலே இதயம், கிட்னி, இரண்டு மாதம் கழித்துக் கிடைக்கும் அப்பாயின்ட்மென்ட்தானே!

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே விக்டோரியாவில் வாசிப்பு, எழுத்து, கணக்கு எல்லாம் வகுப்பு டீச்சரே எடுத்துவிடுவார். ஓவியம், விளையாட்டு, இசை, இன்னொரு மொழி என்று சிலவற்றுக்குத் தனி ஆசிரியர்கள். அவர்கள்தான் இந்த ஸ்பெஷலிஸ்ட். பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு பீரியட். எந்த மொழி என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும்: மாண்டரின், ஜப்பானியம், இத்தாலியம், இந்தோனேசியம் என்று ஏதாவது ஒன்று. எங்கள் பள்ளியில் ஆஸ்லான், அதாவது ஆஸ்திரேலிய சைகை மொழி. 'இது ஒரு மொழியா, இதற்கு ஒரு பீரியடா' என்று நானும் மனசுக்குள் முனகியவள்தான்.

மாமியாருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காது சுமார். மிஷின் வைத்தால் இரைச்சல் என்று கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். ஒரு ராத்திரி சாப்பிடும்போது பையன் அவர் எதிரில் உட்கார்ந்து, இடது கையை விரித்து, வலது சுட்டுவிரலால் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொட்டான். கட்டைவிரல் ஏ, ஆள்காட்டி ஈ, நடுவிரல் ஐ, மோதிரவிரல் ஓ, சுண்டுவிரல் யூ. அமெரிக்கச் சைகை மொழியில் எழுத்துகளுக்கு ஒரு கை போதும். ஆஸ்லான் பிரிட்டிஷ் வழியில் வந்தது, எழுத்துக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் ரசம் சாதம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மாமியார் கூர்ந்து பார்த்தார். அவர் எண்ணுவதெல்லாம் சுண்டுவிரலில் ஆரம்பித்து. "தலைகீழா எண்ணுறியேடா" என்றார். அப்புறம், "அஞ்சுதானா? மிச்ச ஏழு உயிரெழுத்தை எங்க வைப்ப?" என்று கேட்டார். பையன் திருதிருவென்று முழித்தான். நானும்தான்.

உங்கள் பிள்ளைகள் ஸ்பெஷலிஸ்ட் வகுப்பிலிருந்து என்ன கொண்டுவருகிறார்கள்? சொல்லுங்கள்.

டான்டினாங் அப்பா:

எங்கட மகளுக்கு ஜப்பான் பாடம், கிரேடு 3. ஹிரகானா எண்ட ஜப்பான் எழுத்து அட்டையைப் பிரிட்ஜில ஒட்டி வைச்சிருக்கிறா. என்ர அப்பா யாழ்ப்பாணத்தில தமிழ் படிப்பிச்சவர், ஓய்வு எடுத்தும் படிப்பிக்கிறதை விடாத ஆள். அவள் ஒரு நாள் "அ, இ, உ, எ, ஒ" எண்டு பாடமாக்கிக்கொண்டிருந்தா. அப்பா பேப்பரை மடிச்சு வைச்சிட்டு, "இது குறில் ஐந்தும் எல்லோ? ஆர் உனக்குத் தமிழ் சொல்லித்தந்தது?" எண்டார். "இல்லை அப்பப்பா, ஜப்பான்."

பிறகு அவள் வரிசைகளைச் சொன்னா: அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அப்பாவுக்கு இருப்புக் கொள்ளேல்லை. எங்கட க, ச, த, ந, ப, ம, ய, ர, வ ஒழுங்கு அப்படியே இருக்குது, அந்த 'ஹ' மட்டும்தான் இடறுது. தேடிப் பாத்தனான். அதுவும் முந்தி 'ப' எண்டுதான் ஒலிச்சதாம். பௌத்த துறவிகளோட போன சமஸ்கிருத எழுத்து ஒழுங்கைப் பின்பற்றித்தான் அவை அடுக்கியிருக்கினம். தயவுசெய்து 'ஜப்பானுக்கு எழுத்துக் கொடுத்தவன் தமிழன்' எண்டு வாட்ஸப்பில போட்டுவிட்டுடாதேங்கோ. இப்ப ரெண்டு பேரும் பின்னேரத்தில சேர்ந்திருந்து எழுதீனம். அப்பாக்கு 'ந' வரிசை வரைக்கும் வந்திட்டுது.

கணக்கு கேட்பவன்:

எல்லோரும் உருகுகிறீர்கள், ஒரு எதிர்க்குரலும் இருக்கட்டும். எங்கள் பள்ளியில் மொழி ஆசிரியர் வருஷத்தின் நடுவில் போய்விட்டார், வேறு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு டெர்ம் அந்த பீரியடில் பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்தார்கள். வருஷக் கடைசி ரிப்போர்ட்டில் மட்டும் அந்தப் பாடத்துக்கு மதிப்பீடு ஜம்மென்று வந்திருந்தது! வகுப்பு டீச்சருக்குப் பாடம் தயார் செய்ய நேரம் கிடைப்பதே ஸ்பெஷலிஸ்ட் பீரியடில்தான். அதனால் ஆள் இல்லாவிட்டாலும் பீரியட் நடந்தாக வேண்டும். பாடம் நன்றாக அமைவது ஆசிரியரைப் பொறுத்தது.

கிரிக்கெட் பைத்தியம்:

சகோ சொல்வதும் சரிதான். ஆனால் எங்களுக்கு வாய்த்த விளையாட்டு டீச்சர் தங்கம். நான்தான் சொதப்பினேன். பையன் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்பால், பந்தோடு வந்து ஹேண்ட்பால் போடச் சொன்னான். நான் கவர் பாயின்ட்டிலிருந்து ஸ்டம்புக்கு எறிவதுபோல் விட்டெறிந்தேன். "அப்பா, அது த்ரோ! ஃப்ரீ கிக்!" ஒரு உள்ளங்கையில் பந்தை வைத்து, மறு கை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டுமாம், எறிந்தால் தப்பு. ஏழு வயதுப் பையன் என் கட்டைவிரலைப் பிடித்து முஷ்டிக்கு வெளியே எடுத்துவிட்டான். உள்ளே மடக்கிக் குத்தினால் விரல் போய்விடும் என்று டீச்சர் சொன்னாராம்.

பெரியவள் இன்னொரு அதிர்ச்சி கொடுத்தாள். நீச்சல் வகுப்புக்குப் பைஜாமா கொண்டுவரச் சொன்னார்கள் என்றாள். ஏதோ தவறாகக் கேட்டிருப்பாள் என்று எடுத்து வைக்காமல் அனுப்பிவிட்டேன். உண்மைதானாம். ஆற்றிலோ கடலிலோ தவறி விழுகிறவன் நீச்சலுடையிலா விழுவான்? உடுத்திய துணியோடு மிதக்கப் பழக்குகிறார்கள். அன்றைக்கு அவள் டீச்சரிடம் இரவல் வாங்கிய டீ ஷர்ட்டில் மிதந்துவிட்டு வந்து, மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

மிருதங்கக்காரி:

எங்கள் வீட்டில் இசை. டீச்சர் அட்டையில் கோடு கோடாக வரைந்து, ஒற்றைக் கோடு என்றால் 'டா', இரண்டு சேர்ந்தால் 'டிடி' என்று கைதட்டி சொல்ல வைக்கிறார். கோடாய் முறை என்பார்கள், ஹங்கேரியிலிருந்து வந்தது. பெண் "டா டிடி டா டா" என்று தட்டினாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே, யோசிக்காமல், அதே கணக்குக்கு "தா தக தா தா" என்றேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம், "உனக்கு எப்படித் தெரியும்?" சனிக்கிழமை பாட்டு வகுப்புக்கு மூக்கால் அழுதுகொண்டு போகிறவள். பள்ளியில் படிப்பதும் அதுவும் சொந்தம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. எனக்கும்தான், உண்மையைச் சொன்னால்.

ஓவிய வகுப்பு பற்றி யாரும் எழுதவில்லையே? ஒரு வரி: களிமண் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டும்போது இரண்டு பக்கமும் கீறி, குழைத்த மண்ணைத் தடவித்தான் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் சூளையில் பிய்ந்துவிடும். எங்கள் ஷோகேஸில் கைப்பிடி இல்லாத கோப்பை ஒன்று இருக்கிறது. பக்கத்தில் கைப்பிடியும் தனியாக இருக்கிறது.

பிரெப் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. டான்டினாங் அண்ணா, குறில் விஷயத்தை மாமியாரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "ஜப்பான்காரனுக்கும் அஞ்சுதானா?" என்று கேட்டுவிட்டு யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

நேற்று மதியம் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கட்டைவிரலால் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டு அ, நடுக்கணு ஆ, நுனி இ. அடுத்து மோதிரவிரல், ஈ உ ஊ. நடுவிரலில் எ ஏ ஐ. ஆள்காட்டியில் ஒ ஓ ஔ. நாலு விரல், விரலுக்கு மூன்று கணு, பன்னிரண்டும் அடங்கிவிட்டன, அதுவும் ஒரே கையில். பையன் தன் கையில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "பாட்டி, அக்கன்னா எங்க?" என்றான்.

அவருக்குக் காதில் விழவில்லை. அவன் எழுந்து போய் அலமாரியிலிருந்து மிஷினை எடுத்து வந்து நீட்டினான். மாட்டிக்கொண்டு, "இப்ப கேளு" என்றார்.